மணாலி – லே சைக்கிள் பயணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இமயமலையைச் சைக்கிளில் கடக்க நினைக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை மணாலி – லே நெடுஞ்சாலை பற்றியவை. அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் அந்த ஒரு சாலைக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

மணாலியிலிருந்து லே வரை சைக்கிளில் போக எத்தனை நாள் வேண்டும்? எட்டு நாளில் முடித்ததாகச் சிலர் சொல்கிறார்கள். லேயில் தொடங்கி மணாலியில் முடிப்பது நல்லது என்றும் ஒருவர் சொன்னார். – வாசகர், கோயம்புத்தூர்

முதல்முறை போகிறவர், சாமானைத் தானே சுமக்கிறவர் என்றால் 14 நாள் ஒதுக்குங்கள். எட்டு நாளில் முடிப்பவர்களில் பலர் ஏற்கெனவே உயரத்துக்குப் பழகியவர்கள், அல்லது மூட்டையைப் பின்னால் வரும் வண்டியில் ஏற்றியவர்கள்.

ரோதாங் கணவாய் வழியாகத் தூரம் சுமார் 475 கி.மீ. சமவெளியில் இது ஐந்து நாள் பயணம். இங்கே உயரத்தில் காற்று மெலிந்திருக்கும், உடல் அதற்குப் பழக நாள் வேண்டும். அதனால் அட்டவணை போடும்போது கிலோமீட்டரை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு இரவும் படுக்கும் இடத்தின் உயரத்தை எழுதிப் பாருங்கள். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் அதே இடத்தில் தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் தொட்டாலும் படுக்க இறங்கிவிட்டால் உடல் ஓரளவு தாங்கும்.

இந்தக் கணக்கில் பாருங்கள். மணாலி 2,050 மீட்டர். அங்கே இரண்டு இரவு. முதல் நாள் மர்ஹி (3,300). இந்தப் பாய்ச்சல் கொஞ்சம் பெரியது. மணாலியில் கூடுதலாக ஓர் இரவு தங்கச் சொல்வது அதற்காகத்தான். இரண்டாம் நாள் ரோதாங் கணவாய் (3,978) ஏறி இறங்கி சிஸ்ஸு (3,120). மூன்றாம் நாள் கீலாங் வழியாக ஜிஸ்பா (3,200). நான்காம் நாள் அங்கேயே ஓய்வு. இதுவரை சிக்கல் இல்லை. சிக்கல் ஜிஸ்பாவுக்கு அடுத்து வருகிறது. பலர் மறுநாளே ஜிங்ஜிங்பார் (சுமார் 4,270) போய்ப் படுக்கிறார்கள். ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல்! இந்தப் பாதையில் தலைவலியோடு திரும்பி வருகிறவர்களில் பெரும்பாலோர் தவறு செய்யும் இடம் இதுதான். நடுவில் தீபக் தால் ஏரிக்கு அருகே பட்சியோவில் (சுமார் 3,750) கூடாரம் அடித்து ஓர் இரவு கழியுங்கள். அரை நாள் மிதிதான், போதும். இந்த ஓர் இரவுக்காகவாவது கூடாரம் கொண்டுபோவது தகும்.

ஆறாம் நாள் ஜிங்ஜிங்பார். ஏழாம் நாள் பாராலாச்சா கணவாய் (சுமார் 4,890) கடந்து சார்ச்சு (4,290). எட்டாம் நாள் கட்டா வளைவுகளின் 21 கொண்டை ஊசிகளை ஏறி, நகீ கணவாய் (4,740) தாண்டி விஸ்கி நாலா. ஒன்பதாம் நாள் லாச்சுலுங் கணவாய் (5,060) ஏறி பாங் (4,600). பத்தாம் நாள் மோரே சமவெளியைக் கடந்து டெப்ரிங். பதினோராம் நாள் தங்லங் கணவாய் (சுமார் 5,330) கடந்து ரும்ட்சே. பன்னிரண்டாம் நாள் உப்ஷி வழியாக லே. மணாலி ஓய்வு ஒரு நாள், மண்சரிவில் சாலை அடைபட்டால் காத்திருக்க ஒரு நாள், ஆக 14. (தங்லங் உச்சிப் பலகையில் 17,582 அடி என்று இருக்கும், கருவி காட்டும் உயரம் அதைவிடச் சற்றுக் குறைவு. படம் எடுக்க அது தடையில்லை.)

ஒன்றைக் கட்டாயம் மனதில் வையுங்கள். ஜிங்ஜிங்பாரிலிருந்து ரும்ட்சே வரை 4,000 மீட்டருக்குக் கீழே படுக்க ஓர் இடம்கூட இல்லை. பாங் இரண்டு பெரிய கணவாய்களுக்கு நடுவே உள்ள குழி. அங்கே உடம்பு கெட்டால் எந்தப் பக்கம் இறங்க நினைத்தாலும் முதலில் 5,000 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். ஆகவே முடிவெடுக்கும் இடம் ஜிங்ஜிங்பார். அங்கிருந்து மிதிக்காமலே டார்ச்சாவுக்கு உருண்டு இறங்கிவிடலாம். அங்கே காலையில் தலைவலி இருந்தால் பாராலாச்சா ஏறாதீர்கள்.

லேயில் தொடங்குவதிலும் நன்மை உண்டு. அங்கே பெரிய மருத்துவமனை இருக்கிறது, கடைகள் இருக்கின்றன, பயணத்தின் முடிவும் தாழ்வான இடத்தில் அமைகிறது. ஆனால் விமானத்தில் போனால் ஒரே நாளில் 3,500 மீட்டரில் இறங்குகிறீர்கள். குறைந்தது மூன்று முழு நாள் எதுவும் செய்யாமல் இருக்கும் பொறுமை இருந்தால் மட்டும் அந்த வழி. நம் ஊரிலிருந்து போகிறவர்களில் பலருக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை. இரண்டாம் நாளே, லேக்கு அருகே 5,000 மீட்டருக்கு மேல் உள்ள கர்துங் கணவாய்க்குக் கிளம்பிவிடுகிறார்கள். எங்கள் பரிந்துரை மணாலியில் தொடங்குவதே.

அடல் சுரங்கப்பாதை வந்துவிட்டதே, ரோதாங் ஏறித்தான் ஆக வேண்டுமா? – வாசகர், திருச்சி

2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அந்தச் சுரங்கம் 9.02 கி.மீ. நீளம். அதில் போனால் ஒரு நாள் மிச்சமாகும். கூடவே, கிட்டத்தட்ட 4,000 மீட்டரைத் தொட்டுவிட்டு 3,120இல் வந்து படுத்து உடலை உயரத்துக்குப் பழக்கும் அருமையான வாய்ப்பும் கைவிட்டுப் போகும். லாரிகளும் பேருந்துகளும் சுரங்கத்துக்குப் போய்விட்டதால் ரோதாங் சாலை முன்பு போல நெரிசலாக இல்லை. சைக்கிள்காரருக்கு அந்தக் கணவாய் இப்போதுதான் நல்ல பாதையாகியிருக்கிறது. ஏறுங்கள்.

கொல்லிமலை 70 வளைவுகளையும் நிற்காமல் ஏறிவிடுகிறேன். இந்தப் பயிற்சி போதுமா? – வாசகர், நாமக்கல்

கால்களுக்குப் போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணாலியிலிருந்து ரோதாங் வரை 51 கி.மீ.யில் ஏறுவது சுமார் 1,930 மீட்டர். சராசரிச் சாய்வு நூற்றுக்கு நான்குகூட இல்லை. கட்டா வளைவுகளிலும் சராசரி நூற்றுக்கு ஐந்தை ஒட்டித்தான். லாரிகளுக்காகப் போட்ட சாலை அது. சாய்வை மட்டும் பார்த்தால் நம் கொல்லிமலைதான் கடினம்.

வித்தியாசம் காற்றில் இருக்கிறது. லேயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 65 சதவீதம், தங்லங்கில் பாதிதான். ஊரில் ஒரு மணி நேரம் மிதியில் 180 வாட் சக்தி தரும் ஒருவரால் 4,500 மீட்டரில் 120, 130 வாட்தான் தர முடியும். இதற்குப் பயிற்சி நம் ஊரில் கிடையாது. தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். கீலாங் ஊர் அதைவிட உயரத்தில் இருக்கிறது. உடல் தகுதியுள்ளவருக்கு, உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலைநோய் வராது என்பதும் பொய். தகுதியுள்ளவர் வேகமாக ஏறிவிடுகிறார். அதனால் வேகமாக நோயிலும் விழுகிறார்.

ஆகவே பயிற்சியை மாற்றுங்கள். நிற்காமல் ஒரே மூச்சில் ஏறுவதை விடுங்கள். 15 கிலோ சாமானை ஏற்றிக்கொண்டு, பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில், அடுத்தடுத்து மூன்று நாள் ஏறுங்கள்: ஒரு நாள் கொல்லிமலை, மறுநாள் ஏற்காடு, அடுத்த நாள் மீண்டும் ஒன்று. மூன்றாம் நாள் காலை உட்காரும் இடமும் முழங்காலும் என்ன சொல்கின்றன என்று கவனியுங்கள். இருக்கை உயரம், ஹேண்டில் தூரம் எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டிய நேரம் அதுதான்.

டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் மலைநோய் வராதா? தலைவலி வந்தால் எப்போது திரும்ப வேண்டும்? விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி உதவுமா? – வாசகி, மதுரை

டயமாக்ஸ் என்கிற அசிட்டசோலமைடு உடல் உயரத்துக்குப் பழகுவதை விரைவுபடுத்தும். நோயை மூடி மறைக்காது. தடுப்புக்குப் பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் தாமாக எடுக்கக் கூடாது. யாராக இருந்தாலும் மருத்துவரிடம் கேட்டபின்பே. விரல் நுனி மரத்துச் சுருக்கென்று குத்தும், சிறுநீர் அதிகம் போகும், சோடா பானங்கள் சப்பென்று இருக்கும். இவை பயப்பட வேண்டிய அறிகுறிகள் அல்ல. ஊரிலேயே இரண்டு நாள் எடுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள். ஒவ்வாமை இருந்தால் சார்ச்சுவில் தெரிவதைவிட மதுரையில் தெரிவது நல்லது.

தலைவலிக்கு இப்படிச் செய்யுங்கள். மிதிப்பதை நிறுத்தி, ஒரு லிட்டர் தண்ணீரை மெதுவாகக் குடித்து, ஒரு பாராசிட்டமால் போட்டு, இரண்டு மணி நேரம் உட்காருங்கள். போய்விட்டால் நீரிழப்போ வெயிலோ காரணமாக இருக்கலாம். போகவில்லை, கூடவே குமட்டல், பசியின்மை, தலைசுற்றல் என்றால் அதை மலைநோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அன்று ஒரு மீட்டர்கூட மேலே போகக் கூடாது. மறுநாள் காலை தெளிந்தால் தொடரலாம். தெளியவில்லை என்றால் இறங்க வேண்டும்.

உடனே, இரவானாலும், வண்டி பிடித்தாவது இறங்க வேண்டிய இரண்டு நிலைகள் உண்டு. ஒன்று நுரையீரலில் நீர் கோத்தல்: சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், மல்லாந்து படுக்க முடியாது, இருமல் விடாது, சளியில் நுரையோ இளஞ்சிவப்போ தெரியும். மற்றொன்று மூளை வீக்கம்: பேச்சில் குழப்பம், நடையில் தள்ளாட்டம். சந்தேகம் வந்தால் ஒரு காலின் குதிகாலை மற்றதன் விரல்நுனியில் ஒட்டிவைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். நடக்க முடியாதவரைத் தூங்க விடாதீர்கள், தனியாகவும் விடாதீர்கள். குறைந்தது 500 முதல் 1,000 மீட்டர் இறக்க வேண்டும். பாங்கில் ராணுவ முகாம் இருக்கிறது; அவசரமென்றால் தயங்காமல் போய்க் கேளுங்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சார்ச்சுவில் இரத்த ஆக்சிஜன் 80, 85 சதவீதம் காட்டுவது பலருக்கும் இயல்பு. குளிர்ந்த விரலில் பொய்யாகக் குறைத்துக் காட்டும். கையைச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். எண் நன்றாக இருந்து ஆள் சோர்ந்திருந்தால் ஆளை நம்புங்கள். இன்னொன்று: தூக்க மாத்திரையும் மதுவும் அந்த உயரத்தில் மூச்சின் வேகத்தைக் குறைத்துவிடும். இரண்டும் வேண்டாம்.

என்னிடம் உள்ளது 29 அங்குல மலைச் சைக்கிள். முன்னால் 42-34-24, பின்னால் 12-32. நண்பரிடம் உள்ளது முன்னால் 50-34, பின்னால் 11-28 உள்ள சாலை வகை, டயர் 35 மி.மீ. கியர் மாற்ற வேண்டுமா? – வாசகர், சென்னை

உங்களுக்கு வேண்டாம், நண்பருக்குக் கண்டிப்பாக வேண்டும். மிகச் சிறிய கியரில் மிதி ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் எத்தனை மீட்டர் நகர்கிறது என்று பாருங்கள். முன் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையைப் பின்னதன் பல் எண்ணிக்கையால் வகுத்து, சக்கரச் சுற்றளவால் பெருக்கினால் கிடைக்கும். உங்களுக்கு 24-ஐ 32-ஆல் வகுத்தால் 0.75, சுற்றளவு சுமார் 2.28 மீட்டர், ஆக 1.7 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 6.2 கி.மீ. நண்பருக்கு 34-ஐ 28-ஆல் வகுத்தால் 1.21, சுற்றளவு 2.17, ஆக 2.6 மீட்டர், மணிக்கு 9.5 கி.மீ.

நூற்றுக்கு ஆறு சாய்வில், ஆள், சைக்கிள், மூட்டை எல்லாம் சேர்ந்து 100 கிலோ என்று வைத்தால், 6.2 கி.மீ. வேகத்துக்குச் சுமார் 120 வாட் போதும். 9.5 கி.மீ.க்கு 185 வாட் வேண்டும். மேலே சொன்னபடி அந்த உயரத்தில் அவ்வளவு வராது. அப்போது சுற்று 40-க்கு இறங்கும், மிதியை நின்று அழுத்த வேண்டியிருக்கும், பாரம் முழுவதும் முழங்காலில் விழும். நாலாவது நாள் முழங்கால் வீங்குவதற்கு இதுதான் காரணம்.

நண்பர் பின்னால் 11-34 போட்டால் ஒரு சுற்றுக்கு 2.17 மீட்டராகும், பரவாயில்லை. முன்னாலும் 46-30 போட்டால் 1.9 மீட்டர், நல்லது. பெரிய பல்சக்கரம் போடும்போது, செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பின் டெரெய்லர் அவ்வளவு பல்லைத் தாங்குமா, கூண்டு நீளமானதா என்று கடைக்காரரிடம் உறுதிசெய்யுங்கள். செயினும் நீளமாக வேண்டும். முன்னும் பின்னும் பெரிய பல்லில் போட்டுப் பாருங்கள். செயின் விறைத்து டெரெய்லரை முன்னால் இழுத்தால் கண்ணி சேர்க்க வேண்டும். பழைய செயினைப் புதுப் பல்சக்கரத்தில் போடாதீர்கள். செயின் தேய்மானத்தை அளக்கும் தகடு 0.75 காட்டினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். மாற்றியபின் ஊரில் 200 கி.மீ.யாவது ஓட்டிவிட்டுக் கிளம்புங்கள். புது கேபிள் முதல் வாரம் தளரும். அதைத் திருப்பிச் சரிசெய்யும் வேலை வீட்டிலேயே முடியட்டும்.

கேரியரும் பைகளும் மோசமான சாலையில் தாங்குமா? என்னென்ன உதிரிபாகம் எடுக்க வேண்டும்? – வாசகர், ஈரோடு

கேரியர் கம்பி உடைவதைவிட, அதைப் பிடித்திருக்கும் ஐந்து மி.மீ. போல்ட்டுகள் தளர்ந்து விழுவதோ முறிவதோதான் அதிகம். சரளைச் சாலையின் அதிர்வு மரையை மெல்ல மெல்லக் கழற்றும். தளர்ந்த போல்ட் ஆடி ஆடி அறுபடும். கிளம்பும் முன் நான்கையும் கழற்றி, மரைப்பூட்டுப் பசையில் நீல நிறத்தது ஒரு சொட்டு விட்டு, வாஷரோடு இறுக்குங்கள். சிவப்பு நிறப் பசை வேண்டாம். பிறகு கழற்ற முடியாது. தினமும் மாலை சைக்கிளை நிறுத்தியதும் ஆறு அங்குலம் தூக்கித் தரையில் போடுங்கள். எது கடகடக்கிறதோ அதை அப்போதே இறுக்குங்கள். அலுமினியத்தைவிட இரும்புக் கேரியர் நல்லது. உடைந்தால் வெல்டிங் பட்டறையில் ஒட்ட வைத்துவிடலாம். மொத்தச் சாமான் 15 கிலோவைத் தாண்ட வேண்டாம். கனமானவை கீழே, இரண்டு பக்கமும் சமமாக.

உதிரிபாகங்களில் முதலிடம் டெரெய்லர் தொங்கும் சிறு அலுமினியத் துண்டுக்கு. ஹேங்கர் என்பார்கள். சைக்கிள் வலப்பக்கம் விழுந்தால் வளைந்து முறியும்படியே செய்யப்பட்டது அது. ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு வடிவம் என்பதால் லேயில் தேடினாலும் உங்களுடையது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஒன்று வாங்கிப் பையின் அடியில் போட்டுவிடுங்கள். அடுத்து ஸ்போக் கம்பி: பின்சக்கரத்தில் பல்சக்கரப் பக்கத்துக் கம்பிதான் முதலில் உடையும்; அந்த நீளத்தில் நான்கு, மறுபக்க நீளத்தில் இரண்டு. பல்சக்கரத்தைக் கழற்றும் சாவி இல்லாவிட்டால் அந்தக் கம்பியை மாட்ட முடியாது. அதை மறந்துவிட்டுக் கம்பியை மட்டும் கொண்டுபோகிறவர்கள் நிறையப் பேர். பிறகு ட்யூப் இரண்டு, ஒட்டும் வில்லைகள் பத்து, கிழிந்த டயருக்கு உள்ளே வைக்கப் பழைய டயர்த் துண்டு ஒரு சாண், செயின் உடைப்பானும் உங்கள் கியர் எண்ணிக்கைக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணி இரண்டும், கியர் கேபிள் ஒன்று, பிரேக் கேபிள் ஒன்று, பிரேக் பேட் இரண்டு ஜோடி, பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகள் இருபது.

உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் டயர் வெடிக்கும் என்கிறார்களே? – வாசகர், தஞ்சாவூர்

வெடிக்காது. மணாலியில் 40 பி.எஸ்.ஐ. அடித்தால், தங்லங் உச்சியில் வெளிக்காற்று குறைவதால் சுமார் 4 கூடும். குளிர் அதில் பெரும்பகுதியைக் குறைத்துவிடும். மாறாக, பஞ்சர் ஒட்டியபின் கைப்பம்பால் அடிக்கும்போதுதான் உயரம் தெரியும். காற்று அடர்த்தி குறைவு. ஊரில் 150 முறை அடித்தால் நிறையும் ட்யூபுக்கு 250 முறை அடிக்க வேண்டியிருக்கும், அதுவும் மூச்சு வாங்கிக்கொண்டே. நீண்ட குழாய் உள்ள, காலால் மிதித்துப் பிடித்து அடிக்கும் வகைச் சிறு பம்பு வாங்குங்கள். டயர் 2 அங்குலம் அகலம் இருந்தால் நல்லது, 40 மி.மீ.க்குக் கீழ் வேண்டாம்.

சாலையின் குறுக்கே ஓடும் பனியுருகு ஓடைகளை எப்படிக் கடப்பது? – வாசகர், திருநெல்வேலி

கடிகாரம் பார்த்து. ஜிங்ஜிங்பாருக்கும் பரத்பூருக்கும் இடையில், பாராலாச்சாவின் இருபுறமும் இவை உண்டு. இரவில் மேலே உறைந்துவிடுவதால் காலை ஒன்பது மணிக்குள் கணுக்கால் அளவு ஓடும் தண்ணீர், வெயில் ஏறி மதியம் மூன்று மணிக்கு முழங்காலைத் தாண்டும். விடிந்ததும் கிளம்புங்கள். தாமதமாகிவிட்டால் கரையில் தங்கி மறுநாள் கடங்கள்.

தண்ணீர் கணுக்காலுக்கு மேல் இருந்தால் மிதிக்க நினைக்காதீர்கள். உருண்டைக் கற்கள் கண்ணுக்குத் தெரியாது. ஷூவைக் கழற்றிக் கழுத்தில் கட்டி, பின்பட்டை உள்ள செருப்பைப் போட்டு, வெறுங்காலோடு இறங்காமல் நடங்கள். நீர் வரும் திசையில் நீங்கள், நீர் போகும் திசையில் சைக்கிள் இருக்க வேண்டும். மாற்றிப் பிடித்தால், வேகம் சைக்கிளைத் தள்ளி உங்கள் மேல் சாய்த்து, அடியில் சிக்க வைத்துவிடும். இழுப்பு அதிகமாக இருந்தால் பைகளைக் கழற்றி முதலில் ஒரு நடை, சைக்கிளுக்கு ஒரு நடை. கைப்பிடி நழுவினால் சைக்கிளை விட்டுவிடுங்கள்.

கரையேறியதும் காலைத் துடைத்து உலர்ந்த காலுறை போட்ட பிறகு செயினைப் பாருங்கள்: துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய், மறுபடி மேல்பக்கத்தைத் துடைக்க வேண்டும். வெளியே எண்ணெய் மினுமினுத்தால் மோரே சமவெளிப் புழுதி முழுவதும் அதில் ஒட்டி அரைக்கும் பசையாகிவிடும். சக்கர அச்சு மூழ்கியிருந்தால், சூடான அச்சுக்குள் இருக்கும் காற்று குளிர்நீரில் சுருங்கும்போது தண்ணீர் உள்ளே போயிருக்கும். லே சேர்ந்ததும் திறந்து புது கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள்.

இறக்கத்தில் பிரேக் பற்றி. என் சைக்கிளில் கேபிள் வகை டிஸ்க். – வாசகர், வேலூர்

தங்லங்கிலிருந்து உப்ஷிக்குச் சுமார் 1,900 மீட்டர் இறக்கம். விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்குவதுதான் பிரேக் பேடின் பரப்பைக் கண்ணாடி போல் ஆக்கிப் பிடிமானத்தைக் கெடுக்கும். நேர்ப்பகுதியில் விடுங்கள், வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து மீண்டும் விடுங்கள். கேபிள் வகையில் பெரும்பாலும் ஒரு பக்கப் பேட் மட்டுமே நகரும். மறுபக்கப் பேட் தேயத் தேய உள்பக்கத் திருகை ஓரிரு ‘கிளிக்’ அளவு திருப்பி டிஸ்க்குக்கு அருகே கொண்டுவர வேண்டும். கேபிளை மட்டும் இறுக்கிக்கொண்டே போனால் டிஸ்க் ஒரு பக்கமாக வளைந்து உரசும். உலோகப் பேட் நீண்டநாள் வரும். ஆனால் உங்கள் டிஸ்க்கின் மேல் ரெசின் பேட் மட்டும் என்று பொறித்திருந்தால் உலோகப் பேட் அந்த டிஸ்க்கைத் தின்றுவிடும். மாற்றும் முன் படித்துப் பாருங்கள்.

உச்சியில் வியர்வைச் சட்டையோடு இறங்கத் தொடங்காதீர்கள். உள்சட்டையை மாற்றி, காற்றுத் தடுப்பு மேலங்கியும் முழு விரல் கையுறையும் போட்டபின் இறங்குங்கள். விரல் விறைத்துவிட்டால் எவ்வளவு நல்ல பிரேக்கும் பிடிக்காது.

சைவம் சாப்பிடுகிறவன். வழியில் சாப்பாடு கிடைக்குமா, அடுப்பு தேவையா? எந்த மாதம் போகலாம்? – வாசகர், கும்பகோணம்

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை ஜிங்ஜிங்பார், பரத்பூர், சார்ச்சு, விஸ்கி நாலா, பாங், டெப்ரிங் எல்லா இடங்களிலும் கூடாரத் தாபாக்கள் இருக்கும். பருப்பு, சோறு, ரொட்டி, நூடுல்ஸ், தேநீர், படுக்கக் கம்பளி கிடைக்கும். அடுப்பைச் சுமக்கத் தேவையில்லை. பாங்கில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அரிசியும் பருப்பும் வேகாது. தாபாக்காரர்கள் குக்கர் வைத்திருக்கிறார்கள்.

கையில் வைத்துக்கொள்ள நம் ஊர்ப் பொருட்களுக்கு ஈடில்லை. கெட்டி அவல் அரைக் கிலோ: கொதிக்காத வெந்நீரிலும் பத்து நிமிடத்தில் ஊறிவிடும்; உப்பும் ஊறுகாயும் போதும். வறுத்து அரைத்த சத்துமாவு அரைக் கிலோ. கடலை மிட்டாய், பேரீச்சை. உயரத்தில் பசி செத்துப் போகும். ஆனாலும் முக்கால் மணிக்கு ஒருமுறை எதையாவது மெல்லுங்கள். பாங்குக்கும் டெப்ரிங்குக்கும் இடையே மோரே சமவெளி சுமார் 40 கி.மீ.; நிழலோ கடையோ எதிர்பார்க்காதீர்கள், மதியத்துக்கு மேல் காற்று கடுமையாக அடிக்கும். நான்கு லிட்டர் தண்ணீரோடு அதிகாலையில் கிளம்புங்கள். ஓடைத் தண்ணீரைக் குளோரின் மாத்திரை போட்டுக் குடிக்கலாம். குளிரில் மாத்திரை மெதுவாக வேலை செய்யும் என்பதால் இரட்டிப்பு நேரம் விடுங்கள். நுண்குழல் வடிகட்டி வைத்திருப்பவர்கள் இரவில் அதைத் தூக்கப் பைக்குள் வைத்துக்கொண்டு படுக்க வேண்டும். ஒருமுறை உறைந்தால் உள்ளே விரிசல் விடும், வெளியே தெரியாது.

மாதம்: ஆகஸ்ட் கடைசி வாரம் தொடங்குவது எங்கள் தேர்வு. ஜூலை, ஆகஸ்டில் மணாலி பக்கம் பருவமழையும் மண்சரிவும், ஓடைகளும் பெருக்கெடுத்திருக்கும். செப்டம்பரில் வானம் தெளியும், ஓடைகள் வற்றும், ஆனால் சார்ச்சு இரவு உறைநிலைக்குக் கீழே போகும். மைனஸ் 10 வரை தாங்கும் தூக்கப் பை வேண்டும். செப்டம்பர் கடைசியில் தாபாக்கள் ஒவ்வொன்றாகக் கூடாரத்தைச் சுருட்டத் தொடங்கும். அதன்பின் போகிறவர் அடுப்பும் முழு உணவும் சுமக்க வேண்டும்.

போன், பணம், அனுமதிச் சீட்டு? – வாசகி, புதுச்சேரி

வெளிமாநில ப்ரீபெய்டு எண் லடாக்கில் வேலை செய்யாது; போஸ்ட்பெய்டாக இருக்க வேண்டும். அதுவும் டார்ச்சா தாண்டினால் உப்ஷி பக்கம் வரும்வரை நம்ப முடியாது. இத்தனை நாள் பேச்சு வராது என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதற்காகச் செயற்கைக்கோள் போனோ, செய்தி அனுப்பும் செயற்கைக்கோள் கருவியோ வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அரசு அனுமதியின்றி இந்தியாவில் அவற்றை வைத்திருப்பது குற்றம், சோதனைச் சாவடியில் பிடிபடுவீர்கள். பணத்தைக் கீலாங்கில் எடுத்துக்கொள்ளுங்கள், சில்லறையாக. இந்தியர்களுக்கு இந்த நெடுஞ்சாலைக்கு உள்எல்லை அனுமதி (இன்னர் லைன் பெர்மிட்) தேவையில்லை. லே சேர்ந்தபின் பாங்காங் ஏரிக்கோ நுப்ரா பள்ளத்தாக்குக்கோ போவதானால் அது பற்றி அங்கே விசாரியுங்கள். அடையாள அட்டையின் நகல் நான்கு வைத்திருங்கள், சாவடிகளில் கேட்பார்கள்.